மென்றதால் வந்ததா? எர்ணாகுளத்துத் தாம்பூலமும் மூன்று ஆய்வு வடிவங்களும்

மருத்துவ ஆராய்ச்சி முறையியல் கற்பிக்கப்படும் வகுப்பறைகளில் ஒரு கூம்புப் படம் தவறாமல் வரையப்படுகிறது. அடித்தளத்தில் தனிநோயாளர் அறிக்கை. அதன்மேல் குறுக்குவெட்டு ஆய்வு. அதற்கும் மேல் நோயாளர்–ஒப்பீட்டாளர் ஆய்வு எனப்படும் கேஸ்–கன்ட்ரோல். அதன்மேல் கோஹார்ட் எனப்படும் குழுத் தொடராய்வு. உச்சியில் சீரற்ற ஒதுக்கீட்டுச் சோதனை. மாணவர் இதை மனப்பாடம் செய்கிறார், தேர்வில் எழுதுகிறார், பிறகு ஆயுள் முழுவதும் இந்தப் படிக்கட்டைக் கொண்டே பிறருடைய ஆய்வுகளை அளக்கிறார்.

இப்படம் முழுப் பொய்யன்று. முரண்பட்ட முடிவுகள் ஒருசேர வந்து நிற்கையில், எதற்கு எவ்வளவு எடை தருவது என்று விரைந்து முடிவெடுக்க அது உதவும். ஆயினும் அது இரு தீங்குகளைச் செய்துவருகிறது. எட்டு மாத அவகாசத்தில் குறுக்குவெட்டு ஆய்வு ஒன்றை முடித்த மாணவர், கீழ்ப்படியில் நிற்கும் தாழ்வுணர்ச்சியால், தம் தரவு தாங்காத காரணகாரிய முடிவை முன்வைக்கிறார். மறுபுறம், செம்மையாகத் திட்டமிடப்பட்ட நோயாளர்–ஒப்பீட்டாளர் ஆய்வை ‘இது வெறும் கேஸ்–கன்ட்ரோல்’ என்ற ஒற்றைச் சொல்லால் மதிப்பீட்டுக் குழு ஒதுக்கித் தள்ளுகிறது. இரண்டும் ஒரே பிழையின் இரு முகங்கள். ஆய்வு வடிவம் என்பது தகுதி வரிசை என்று எண்ணுவதே அப்பிழை. ஒவ்வொரு வடிவமும் ஒரு குறிப்பிட்ட கேள்விக்கு விடையாக எழுந்தது. எந்த வாக்கியத்தை எழுதும் உரிமையை அது ஆய்வாளருக்குத் தருகிறது என்பதே அதன் அளவுகோல்.

இதை விளக்கத் தொலைவில் தேட வேண்டியதில்லை. போர்ட் கொச்சியும் மட்டாஞ்சேரியும் அடங்கிய எர்ணாகுளம் மாவட்டமே உலக நோய்ப்பரவலியல் வரலாற்றில் இடம்பெற்ற ஆய்வுக்களம். (எபிடெமியாலஜியைத் ‘தொற்றுநோயியல்’ என்று தமிழில் எழுதும் வழக்கம் இங்கே பொருந்தாது. வாய்ப்புற்று தொற்றுநோயன்று. ஆகவே ‘நோய்ப்பரவலியல்’ என்ற சொல்லே இங்கு ஆளப்படுகிறது.) வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை ஆகியவற்றுக்கும் வாய்ப்புற்றுக்கும் உள்ள உறவைப் பற்றி இன்று உலகம் அறிந்துள்ளவற்றில் கணிசமான பங்கு இம்மாவட்டத்து மக்களின் வாய்களிலிருந்து வந்தது.

முதலில் மூன்று வாக்கியங்களைக் கருதலாம்.

‘மெல்பவர் வாயில் வெண்படலம் இருக்கிறது.’ இது நிகழ்காலம். குறுக்குவெட்டு ஆய்வு தரக்கூடிய வாக்கியம்.

‘புற்று வந்தவர் முன்பு மென்றிருந்தார்.’ இது விளைவிலிருந்து பின்னோக்கி இறந்தகாலத்துக்குச் செல்வது. நோயாளர்–ஒப்பீட்டாளர் ஆய்வின் வாக்கியம்.

‘மென்றுவந்தவருக்குப் பின்னர் வந்தது.’ இது பழக்கத்திலிருந்து முன்னோக்கிச் செல்வது. குழுத் தொடராய்வின் வாக்கியம்.

இம்மூன்றிலும் இல்லாத நான்காவது வாக்கியம் ஒன்று உண்டு: ‘மென்றதால் வந்தது.’ ஐந்தாவதும் உண்டு: ‘மென்றால் வரும்.’ தமிழில் இவ்விரண்டுக்கும் இடையே ஏறத்தாழ ஓரெழுத்து வேறுபாடுதான். ஒன்று நடந்து முடிந்ததற்குக் காரணம் கூறுகிறது. மற்றது நடக்கவிருப்பதற்கு நிபந்தனை கூறுகிறது. ஆய்வேட்டின் முடிவுரையில் இந்த ‘ஆல்’ ஓசையின்றி நுழைந்துவிடுகிறது. அதை எழுதும் உரிமை எப்போது கிடைக்கிறது என்பதே அவதானிப்பு ஆய்வுகள் பற்றிய விவாதத்தின் உயிர்நாடி.

1966–67 ஆண்டுகளில் பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பல்மருத்துவ ஆராய்ச்சிப் பிரிவு, பாலி மேத்தாவின் தலைமையில், டென்மார்க்கின் வாய்நோயியல் அறிஞர் பிண்ட்போர்க்கின் ஒத்துழைப்போடு ஒரு பெருங்கணக்கெடுப்பை நடத்தியது. குஜராத்தின் பாவ்நகர், கேரளத்தின் எர்ணாகுளம், ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம், அன்றைய பீகாரின் சிங்பூம், தர்பங்கா ஆகிய ஐந்து மாவட்டங்களில், வீடு வீடாகச் சென்று, 50,915 கிராமத்தாரின் வாய்கள் பரிசோதிக்கப்பட்டன. பழக்கங்கள் கேட்டுப் பதியப்பட்டன. எர்ணாகுளத்தில் மட்டும் 10,287 பேர்.

குறுக்குவெட்டு ஆய்வின் வலிமை இங்கே தெளிவாகத் தெரிகிறது. மருத்துவமனைக்கு வந்தவரை மட்டும் பார்க்காமல், வாராதவரையும் அது பார்த்தது. எந்த ஊரில் என்ன பழக்கம், எந்தப் பழக்கத்தோடு வாயின் எந்தப் பகுதியில் மாற்றம் என்ற வரைபடம் கிடைத்தது. ஸ்ரீகாகுளத்தில் சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைக்கும் பழக்கமுடையோருக்கு அண்ணத்தில் மாற்றங்கள் காணப்பட்டன. மெல்லும் பழக்கம் மிகுந்த கேரளத்தில் கன்னத்தின் உட்புறமே பெரிதும் பாதிக்கப்பட்ட இடம். பழக்கம் தொடும் இடமும் நோய் தோன்றும் இடமும் ஒன்றாக இருப்பது, காரணத்தை நோக்கிச் சுட்டும் வலுவான குறிப்பு.

ஆனால் குறிப்பு முடிவாகாது. ஒரு மூதாட்டியின் வாயில் புண் தோன்றுகிறது. எரிச்சல் தாங்காமல் அவர் மெல்லுவதை நிறுத்திவிடுகிறார். மறுமாதம் கணக்கெடுப்பாளர் வந்து ‘இப்போது வெற்றிலை போடுவதுண்டா?’ என்று கேட்டால், ‘இல்லை’ என்பதே விடை. நோய் ஒரு கட்டத்தில், பழக்கமின்மை மறுகட்டத்தில் பதிவாகிறது. விளைவு காரணத்தை மாற்றிவிட்டது. குறுக்குவெட்டு ஆய்வுக்கு இந்த முன்பின் வரிசை தெரியாது. மற்றொரு சிக்கல் ஆயுள் பற்றியது. ஒரு நாளில் ஓர் ஊரில் எத்தனை நோயாளர் இருக்கின்றனர் என்பது, எத்தனை பேருக்கு நோய் புதிதாக வருகிறது என்பதோடு, அவர்கள் நோயோடு எவ்வளவு காலம் வாழ்கின்றனர் என்பதையும் பொறுத்தது. விரைவில் உயிரைப் பறிக்கும் புற்று, கணக்கெடுப்பாளர் வாசலை அடையும் முன்னரே வீட்டை விட்டுப் போய்விடுகிறது. பல்லாண்டு நிலைக்கும் வெண்படலம் காத்திருந்து எண்ணப்படுகிறது. ஆகவே நோயிருப்பைக் கண்டு நோய்வரவை அளப்பது, நின்றவரை மட்டும் எண்ணிவிட்டு வந்தவர் அனைவரையும் எண்ணியதாகச் சொல்வதற்கு நிகர்.

மருத்துவமனையில் இருந்துகொண்டே இதே கேள்வியை வேறு முனையிலிருந்து கேட்டவர்கள் உண்டு. அன்று திருவிதாங்கூரிலும் இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலும் உள்ள நெய்யூர் மிஷன் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் ஓர், தம்மிடம் வந்த வாய்ப்புற்று நோயாளரின் தாம்பூலப் பழக்கத்தை ஆராய்ந்து 1933இல் லான்செட் இதழில் எழுதினார். 1955இல் சங்வி, ராவ், கானோல்கர் ஆகியோர் பம்பாய் நோயாளரை ஒப்பீட்டாளரோடு வைத்துப் புகைத்தலும் மெல்லுதலும் பற்றிய கட்டுரையைப் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்டனர். 1989–90இல் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்திலிருந்து சங்கரநாராயணன் குழுவினர் வரிசையாகச் சில கட்டுரைகளை வெளியிட்டனர். நாக்கும் வாயின் அடித்தளமும் பற்றிய ஆய்வில் 228 நோயாளர், 453 ஒப்பீட்டாளர். ஈறு பற்றியதில் 187 நோயாளர். கன்னத்தின் உட்புறம், உதடு பற்றியதில் 414 நோயாளர். பின்னிரண்டுக்கும் 895 ஒப்பீட்டாளர்.

இவ்வெண்களோடு வேறோர் எண்ணை வைத்துப் பார்த்தால் இவ்வடிவத்தின் நியாயம் புலப்படும். கொல்லம் மாவட்டம் கருநாகப்பள்ளியில் 1990களில் தொடங்கிய குழுத் தொடராய்வில், 30 முதல் 84 வயதுக்குட்பட்ட 78,140 பெண்கள் 2005 இறுதிவரை பின்தொடரப்பட்டனர். அவர்களுள் வாய்ப்புற்று கண்டவர் 92 பேர். முக்கால் லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்து கிடைத்தது 92 நோயாளர். ஒரே மருத்துவமனையின் வாயிலில் நின்று, கன்னப்புற்று ஒன்றுக்கு மட்டும் கிடைத்தது 414 நோயாளர். அரிய நோய்க்கு நோயாளர்–ஒப்பீட்டாளர் வடிவம் கீழ்ப்படி எனச் சொல்வது இந்தக் கணக்கை மறந்து சொல்வதாகும். நுரையீரல் புற்றுக்கும் புகைத்தலுக்கும் உள்ள தொடர்பை 1950இல் டாலும் ஹில்லும் லண்டனில் வெளிக்கொணர்ந்ததும் இதே வடிவத்தால்தான். நுரையீரல் புற்றுடைய 649 ஆண்களில் புகைக்காதவர் இருவர். அதே எண்ணிக்கையுள்ள ஒப்பீட்டாளரில் 27 பேர். பிரித்தானிய மருத்துவர்களைப் பின்தொடர்ந்த அவர்களுடைய புகழ்பெற்ற தொடராய்வு அதற்குப் பின்னரே தொடங்கியது.

இவ்வடிவத்தின் கணக்கைப் பிழையாகப் படிப்பதே பெருஞ்சிக்கல். எடுத்துக்காட்டுக்காகக் கற்பனை எண்களைக் கொள்ளலாம். நோயாளர் 100 பேரில் 80 பேர் மெல்பவர். ஒப்பீட்டாளர் 100 பேரில் 40 பேர் மெல்பவர். நோயாளரிடையே மெல்பவருக்கும் மெல்லாதவருக்குமான விகிதம் 80க்கு 20, அதாவது 4. ஒப்பீட்டாளரிடையே 40க்கு 60, அதாவது மூன்றில் இரண்டு. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 6. இதுவே ஆட்ஸ் ரேஷியோ எனப்படும் வாய்ப்பு விகிதம். நோய் அரிதாக இருக்கும்போது, மெல்பவருக்கு நோய் வரும் வாய்ப்பு மெல்லாதவரைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு என்று இதைப் படிக்கலாம். ஆனால் இதே அட்டவணையைக் குறுக்கே படித்து, ‘மெல்பவர் மொத்தம் 120 பேர், அவர்களுள் 80 பேர் நோயாளர், எனவே மெல்பவரில் மூன்றில் இருவருக்குப் புற்று வருகிறது’ என்று எழுதும் ஆய்வேடுகள் உண்டு. அந்த விகிதம் இயற்கையில் இல்லை. ஒரு நோயாளருக்கு ஓர் ஒப்பீட்டாளர் என்று ஆய்வாளரே முடிவு செய்ததால் பிறந்தது அது. இரண்டு ஒப்பீட்டாளரைச் சேர்த்திருந்தால் அந்த எண் வேறாகியிருக்கும். வாய்ப்பு விகிதமோ மாறியிராது.

இவ்வடிவத்தின் மெய்யான ஆபத்து ஒப்பீட்டாளரைத் தேர்வதில் உள்ளது. ஒப்பீட்டாளர் என்பவர், நோய் வந்திருந்தால் அதே மருத்துவமனைக்கு வந்திருக்கக்கூடியவராக இருக்க வேண்டும். மருத்துவமனையின் பிற பிரிவுகளிலிருந்து அவரைத் தேர்ந்தால், அவரைப் படுக்கையில் கிடத்திய நோய்க்கும் புகையிலைக்கும் உறவிருக்கலாம். அப்போது ஒப்பீட்டாளரிடையே பழக்கம் மிகுதியாகத் தென்படும், உண்மையான தொடர்பு மங்கித் தோன்றும். நினைவும் ஒரு சாய்வைத் தருகிறது. தமக்கு ஏன் இந்நோய் வந்தது என்று இரவெல்லாம் எண்ணிப் பார்த்த நோயாளர் தம் பழக்கத்தை நுணுக்கமாக நினைவுகூர்வார். கண்புரைக்காக வந்தவருக்கு அந்தத் தேவை இல்லை.

மூன்றாவது வடிவம் எர்ணாகுளத்துக்கே திரும்பி வருகிறது. 1966–67இல் கணக்கெடுக்கப்பட்டவர்களுள் பாவ்நகர், எர்ணாகுளம், ஸ்ரீகாகுளம் ஆகிய மூன்று மாவட்டங்களைச் சேர்ந்த சுமார் 30,000 பேர் பத்தாண்டுகள் பின்தொடரப்பட்டனர். பிரகாஷ் குப்தாவும் மேத்தாவும் பிறரும் 1980இல் வெளியிட்ட முடிவு இரு செய்திகளைத் தந்தது. வாய்ப்புற்றும் அதற்கு முந்தைய புண்களும் ஏறக்குறைய முற்றிலும் புகையிலையை மென்றவரிடமோ புகைத்தவரிடமோ மட்டுமே தோன்றின. புற்று தோன்றும் முன் அதே வாயில் ஏதேனும் ஒரு முன்புற்று மாற்றம் ஏறக்குறைய எப்போதும் இருந்தது. இரண்டாவது செய்தி குறிப்பிடத்தக்கது. அதை எந்தக் குறுக்குவெட்டு ஆய்வும் தந்திருக்க முடியாது, எந்த நோயாளரின் நினைவும் தந்திருக்க முடியாது. ஒரே வாயை மீண்டும் மீண்டும் திறந்து பார்த்தவருக்கே அது தெரியும்.

தொடராய்வின் மற்றொரு சிறப்பு, தொடங்கியபோது கேட்கப்படாத கேள்விக்கும் அது விடைதரும் என்பது. கருநாகப்பள்ளி ஆய்வு தோரியம் கலந்த கடற்கரை மணலின் இயற்கைக் கதிர்வீச்சைக் கருதித் தொடங்கப்பட்டது. சுமார் 70,000 பேரைப் பின்தொடர்ந்த பின், அக்கதிர்வீச்சால் புற்றுநோய் மிகுந்ததாகத் தெரியவில்லை என்று 2009இல் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு, அதே கள அமைப்பு, பெண்களின் வாய்ப்புற்றுக்கும் புகையிலை மெல்லுவதற்கும் உள்ள உறவை நாளொன்றுக்கு எத்தனை முறை என்ற அளவு வரை காட்டியது. ஒரு பழக்கத்தின் பல விளைவுகளைக் காண விரும்புபவருக்குத் தொடராய்வு பொருந்தும். ஒரு நோயின் பல காரணங்களைத் தேடுபவருக்கு நோயாளர்–ஒப்பீட்டாளர் ஆய்வு பொருந்தும். திருவனந்தபுரத்து ஆய்வுகள் மெல்லுதல், புகைத்தல், மது, மூக்குப்பொடி அனைத்தையும் ஒரே மேசையில் வைத்தது அதனால்தான்.

தொடராய்வுக்கும் விலை உண்டு. பணமும் காலமும் மட்டும் அந்த விலையல்ல. கேரளத்தில் பத்தாண்டுகள் ஒருவரைப் பின்தொடர்வது என்பது, வேலை தேடி வளைகுடாவுக்கும் வேறு நகரங்களுக்கும் போனவர்களை இழப்பது. போனவரும் நின்றவரும் ஒரே மாதிரியானவர் என்று கொள்வதற்கு ஆதாரமில்லை. இன்னொரு விலை அறம் சார்ந்தது. வாயில் முன்புற்று மாற்றம் இருப்பதைக் கண்டபின், அது புற்றாகிறதா என்று பார்த்துக் காத்திருப்பது எவ்வளவு காலம் நியாயம்? அறிவு போதிய அளவு திரண்டபின் பார்த்துக்கொண்டிருப்பது நடுநிலை ஆகாது.

எர்ணாகுளத்து ஆய்வின் அடுத்த கட்டம் அவ்விதமே அமைந்தது. 1970களின் பிற்பகுதியில் அதே மூன்று மாவட்டங்களிலும் 36,000 புகையிலைப் பயனரிடம் பழக்கத்தை விடுமாறு நேரிலும் வெகுசன ஊடகங்கள் வழியாகவும் எடுத்துரைக்கும் ஆய்வு தொடங்கியது. எர்ணாகுளத்தில் 12,212 பேர். இங்கே வெண்படலம் புதிதாகத் தோன்றுவது குறைந்தது. ஆனால் எதோடு ஒப்பிட்டுக் குறைந்தது? முந்தைய பத்தாண்டின் தொடராய்வுக் குழுவோடு. அதாவது ஒப்பீட்டாளர் வேறு காலத்தவர். இடைப்பட்ட காலத்தில் கேரளம் மாறியிருந்தது. சிகரெட் பெட்டியில் எச்சரிக்கை அச்சிடும் சட்டம் 1975இல் வந்திருந்தது. காலம் தந்த குறைவும் அறிவுரை தந்த குறைவும் ஒன்றோடொன்று கலந்துவிடும். பழக்கத்தை விட்டவரையும் விடாதவரையும் அதே குழுவுக்குள் ஒப்பிட்டபோதும் விட்டவருக்கே வெண்படலம் வெகுவாகக் குறைந்திருந்தது என்பது இச்சந்தேகத்தைத் தணிக்கிறது. எனினும் விட்டவர் தாமே விட்டவர். எவரும் குலுக்கல் போட்டு அவரை விடச் செய்யவில்லை. தலையீட்டு ஆய்வின் வயிற்றுக்குள்ளும் ஓர் அவதானிப்பு ஆய்வு இருக்கிறது என்பதைக் கூம்புப் படம் காட்டுவதில்லை.

இத்தனை வடிவங்களிலும் பொதுவாக நிற்கும் ஒன்றைப் பற்றி முறையியல் நூல்கள் மிகக் குறைவாகவே பேசுகின்றன. அது கேள்வியின் சொல்.

மலையாளத்தில் ‘முறுக்காறுண்டோ?’ என்று கேட்டால் விடை ஆம் அல்லது இல்லை. தமிழில் ‘வெற்றிலை போடுவதுண்டா?’ என்றாலும் அவ்வாறே. ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் நான்கு பொருள்கள் மடித்துச் சுருட்டப்பட்டுள்ளன: வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை. நான்காவது சிலருடைய சுருளில் உண்டு, சிலருடையதில் இல்லை. விருந்துக்குப் பின் தாம்பூலம் தரித்தவரும், விழித்தது முதல் புகையிலையைக் கன்னத்தில் அடக்கியவரும் ஒரே வினைச்சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றனர். புகையிலையிலும் வகை உண்டு. யாழ்ப்பாணப் புகையிலைக்குத் திருவிதாங்கூர் ஒரு காலத்தில் பெருஞ்சந்தையாக இருந்தது. பாவ்நகரின் மாவாவில் பாக்கே மிகுதி, அதோடு புகையிலையும் சுண்ணாம்பும் சேரும். ‘மெல்லுதல்’ என்ற ஒரே பத்தியில் இவை அனைத்தும் எண்ணாகும்போது, எந்த நுண்ணிய புள்ளியியல் முறையாலும் அவற்றைப் பின்னர் பிரிக்க இயலாது.

இது சொல்லாராய்ச்சியாளரின் நுணுக்கக் கவலை அன்று. 1985இல் லியோனிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வெளியிட்ட மதிப்பீட்டில், புகையிலை கலந்த தாம்பூலம் மனிதருக்குப் புற்று உண்டாக்குவதற்குப் போதிய சான்று உண்டு என்றும், புகையிலை இல்லாத தாம்பூலத்துக்குச் சான்று போதாது என்றும் கூறப்பட்டது. 2004இல் வெளியான மதிப்பீட்டில்தான் புகையிலை இல்லாத தாம்பூலமும், பாக்கும் தனித்தனியே புற்றுக் காரணிகள் என்று அறிவிக்கப்பட்டன. இடையே ஏறத்தாழ இருபது ஆண்டுகள். இந்தியாவில் பெரும்பாலோர் புகையிலையோடு சேர்த்தே மெல்வதால், பாக்கின் பங்கைத் தனியே பிரித்துக் காட்டுவது கடினமாயிருந்தது. எத்தனை பெரிய தொடராய்வாக இருந்தாலும், பிரிந்திராத பழக்கத்தை அது பிரித்துத் தராது. அந்த இடைவெளியை நிரப்ப உதவியவற்றுள் தைவானிலிருந்து வந்த ஆய்வுகள் முதன்மையானவை. அங்கே தாம்பூலத்தில் புகையிலை சேர்க்கும் வழக்கமே இல்லை. 2000இல் கராச்சியிலிருந்து வெளியான ஆய்வு, புகையிலை இல்லாத பானையும் தனிக் காரணியாகக் காட்டியது. அது ஒரு நோயாளர்–ஒப்பீட்டாளர் ஆய்வு. கூம்பில் ஒரு படி கீழே வைக்கப்படும் வடிவம், சரியான இடத்தில் சரியான கேள்வியைக் கேட்டதால், மேல்படி தராத விடையைத் தந்தது.

அந்த இருபது ஆண்டுகளின் விளைவு இன்றும் கடைத்தெருவில் தொங்குகிறது. புகையிலை கலந்த குட்காவைக் கேரளம் 2012இலும் தமிழ்நாடு 2013இலும் தடை செய்தன. உணவுப்பொருளில் புகையிலையோ நிகோடினோ இருக்கலாகாது என்ற விதியே இத்தடைகளின் அடிப்படை. பாக்கு அவ்விதியின் சொற்களுக்குள் வரவில்லை. சட்டத்தின் மொழியும் ஆய்வின் மொழியைப் போலவே புகையிலையைக் கண்டது, பாக்கைக் காணவில்லை.

இனி மட்டாஞ்சேரி. 1966–67இன் கணக்கெடுப்பு கிராமத்தாரைப் பற்றியது. கொச்சி மாநகராட்சி உருவானதே 1967 நவம்பரில். எனவே ‘எர்ணாகுளம் ஆய்வு’ என்று உலக நூல்களில் வழங்கும் பெயருக்குள், எர்ணாகுளம் மாவட்டத்தின் மிக நெருக்கமான நகரப்பகுதி அடங்கவில்லை. மிளகும் சுக்கும் சுமந்த கிடங்குத் தொழிலாளர், படகுத்துறையில் உழைத்தவர், போர்ட் கொச்சியின் வெளிப்பகுதி தோபிக்கானாவில் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பத்தினர் ஆகியோர் அந்த 10,287இல் இல்லை. ஆய்வு அவர்களுக்கும் பொருந்தும் என்பது நியாயமான ஊகமாக இருக்கலாம். ஆனால் ஊகத்துக்கும் கண்டறிவுக்கும் உள்ள வேறுபாட்டை வாக்கியம் காட்ட வேண்டும்.

இன்று இப்பகுதியில் ஒரு முதுநிலை மாணவர் ஆய்வு செய்ய விரும்பினால் என்ன செய்யலாம்? ஓராண்டில் தொடராய்வு இயலாது. இயலாததற்கு வருந்தவும் வேண்டியதில்லை. சில சதுர கிலோமீட்டருக்குள் மலையாளம், கொங்கணி, குஜராத்தி, கச்சி, தமிழ், உருது, கன்னடம் எனப் பல மொழிச் சமூகங்கள் வாழும் இடம் இது. ஒவ்வொன்றுக்கும் தனித் தாம்பூல வழக்கம், தனிச் சொல். பாக்கை மட்டும் மெல்பவர், புகையிலையோடு மெல்பவர், இரண்டும் இல்லாதவர் ஆகியோர் இங்கே எந்த அளவில் உள்ளனர் என்று ஒரு நல்ல குறுக்குவெட்டு ஆய்வு கண்டறிந்தால், அதுவே மதிப்புமிக்க பங்களிப்பு. வாக்காளர் பட்டியலிலிருந்து சீரற்ற முறையில் வீடுகளைத் தேர்வது, வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை, கடைப் பொட்டலங்கள் ஆகியவற்றைத் தட்டில் வைத்து ஒவ்வொன்றாகச் சுட்டிக் கேட்பது, இன்றைய பழக்கத்தோடு விட்ட பழக்கத்தையும், விட்ட ஆண்டையும், விட்ட காரணத்தையும் கேட்பது ஆகியவை செலவு மிகாத செயல்கள். தொகைச்சொல் ஏமாற்றும் இடத்தில் தட்டு ஏமாற்றாது. அதற்கடுத்த கட்டமாக, மருத்துவமனைக்கு வரும் நோயாளருக்கு அதே தெருவிலிருந்தே ஒப்பீட்டாளரைத் தேர்ந்து ஆராயலாம். இப்படி எழும் ஆய்வை எந்தக் கூம்பும் தாழ்த்திவிட முடியாது.

எதிர்வாதம் ஒன்று எழலாம். புகையிலை புற்றுக்குக் காரணம் என்பது நிறுவப்பட்டுவிட்டது, இனி வாக்கியத்தின் காலத்தையும் எச்சத்தையும் பற்றி இவ்வளவு நுணுகுவது எதற்கு என்று கேட்கலாம். நிறுவப்பட்டது உண்மை. எப்படி நிறுவப்பட்டது என்பதே இங்கே கருதத்தக்கது. நெய்யூரின் நோயாளர் பட்டியல், பம்பாயின் ஒப்பீடு, ஐந்து மாவட்டங்களின் கணக்கெடுப்பு, பத்தாண்டுத் தொடராய்வு, விட்டவரின் வாய் மாறியது என்ற கண்டறிவு ஆகிய அனைத்தும் வெவ்வேறு பலவீனங்களை உடையவை. ஒன்றின் பலவீனம் மற்றொன்றில் இல்லை. நினைவுச் சாய்வு தொடராய்வில் இல்லை. ஊரைவிட்டுப் போனவரை இழக்கும் சிக்கல் கணக்கெடுப்பில் இல்லை. முன்பின் தெரியாமை நோய்வரலாற்றைக் கேட்டறியும் ஆய்வில் ஓரளவு தீர்கிறது. இவ்வாறு வேறுவேறு திசைகளில் சாயக்கூடிய சான்றுகள் அனைத்தும் ஒரே இடத்தைச் சுட்டியபோதுதான் ‘மென்றதால்’ என்ற சொல்லை எழுதும் உரிமை பிறந்தது. அவ்வுரிமை எந்தத் தனி ஆய்வுக்கும் சொந்தமன்று. அடுத்து வரும் பொருள்களுக்கு, புதிய பொட்டலங்களுக்கு, நிகோடின் பைகளுக்கு, அதை மீண்டும் முதலிலிருந்தே ஈட்ட வேண்டும்.

ஆகவே ஆய்வேடுகளை மதிப்பிடுவோர் ஒரு சிறு மாற்றத்தைச் செய்யலாம். ‘இது எந்தப் படி?’ என்று கேட்பதற்கு முன், முடிவுரையின் வினைமுற்றுகளை அடிக்கோடிட்டுப் படிக்கலாம். இருக்கிறது, இருந்தது, பின்னர் வந்தது, அதனால் வந்தது, விட்டால் குறையும் ஆகிய ஐந்தில் எது எழுதப்பட்டுள்ளது, எது எழுதத்தக்கது என்று பார்க்கலாம். ‘இருக்கிறது’ என்று நேர்மையாக எழுதிய குறுக்குவெட்டு ஆய்வுக்கு முழு மதிப்பெண் தரலாம். தன் தரவு தராத ‘ஆல்’ ஒன்றைச் சேர்த்த தொடராய்வைத் திருத்தி எழுதுமாறு திருப்பி அனுப்பலாம். மாணவருக்கு இதனால் ஓர் இரவு கூடுதல் உழைப்பு. பாக்கு விற்கும் கடைக்கு எதிரே வளரும் பிள்ளைகளுக்கு, கிடைக்கும் அறிவு இருபது ஆண்டுகள் முன்னதாகவே கிடைக்கலாம்.